உருவமும் உள்ளடக்கமும் உடைமையும்: ‘வேர்ட்பிரஸ்’ பற்றிய ஒரு மதிப்பீடு

1

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த விவாதங்களுள் உருவம், உள்ளடக்கம் ஆகியன பற்றிய விவாதம் முதன்மையானது. முற்போக்கு அணியினர் உள்ளடக்கத்தையே வற்புறுத்தினர் என்றும், எதிரணியினர் உருவத்தையே போற்றினர் என்றும் பொதுப்படக் கூறப்படுவதுண்டு. ஆயின் அவ்விவாதத்தின் மெய்யான பெறுபேறு இதனினும் ஆழமானது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நிர்ணயிப்பவை என்பதும், அவ்விரண்டுக்கும் அடிப்படையாக உள்ள சமூக உறவுகளை விடுத்து அவற்றைப் பற்றிப் பேசுதல் பயனற்றது என்பதும் அவ்விவாதத்தினூடாகவே எமது விமர்சன மரபில் நிலைபெற்றன.

இன்று ‘உள்ளடக்கம்’ என்ற அதே சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஒரு கருவி எமது எழுத்துலகிற் புகுந்துள்ளது. ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ என்று கணினித் துறையினர் அதனை வழங்குவர். முன்னர் இணையத்தளமொன்றின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக எழுதப்பட்டது. தலைப்புப் பட்டியில் ஒரு சொல்லை மாற்றுவதற்கு எல்லாக் கோப்புகளையும் திருத்த வேண்டியிருந்தது. இம்முறைமைகள் எழுத்தைத் தரவுத்தளத்திலும் தோற்றத்தை வார்ப்புருவிலும் வேறுவேறாக வைத்து, வாசகர் கேட்கும் வேளையில் இரண்டையும் இணைத்துப் பக்கமாக்கித் தருகின்றன. இவ்வகை மென்பொருள்களுள் மிகப் பரந்த பாவனையில் உள்ளது வேர்ட்பிரஸ். உலக இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவை அதன்மீதே இயங்குகின்றன.

இலக்கிய ஆய்வாளனுக்கு இதில் என்ன அக்கறை என்று வினவலாம். எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் துறைகளும் வெளியிடும் சஞ்சிகைகள் சில நூறு பிரதிகள் அச்சாகிச் சில கைகளை அடைந்து அருகிவிடுவன. அவற்றை இணையத்தில் ஏற்றுவது குறித்து ஆசிரியர் குழுக்கள் தீர்மானிக்கும்போது, பெரும்பாலும் எவ்வித விவாதமுமின்றி வேர்ட்பிரஸ் தெரிவு செய்யப்படுகின்றது. அச்சகத்தைத் தெரிவதற்குச் செலவிடும் சிந்தனையைக்கூட நாம் இதற்குச் செலவிடுவதில்லை. எமது எழுத்தின் வடிவத்தையும் ஆயுளையும் நிர்ணயிக்கப்போகும் ஒரு தெரிவு இவ்வாறு நிகழ்வது சரியன்று. அக்கருவியின் வலிமைகளையும் குறைபாடுகளையும் அதன் வரலாற்றோடும் உடைமை உறவுகளோடும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வேர்ட்பிரஸ் வெறுமையிலிருந்து தோன்றியதன்று. பிரான்சைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி என்பவர் ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதியிருந்தார். அவர் அதனைத் தொடர்ந்து வளர்ப்பதை நிறுத்தியபோது, ஐக்கிய அமெரிக்காவில் அப்பொழுது பத்தொன்பது வயதினராயிருந்த மற் மலன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிற்றிலும் அதன் மூலநிரலை எடுத்துத் திருத்தி, 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். பிறர் எழுதிய நிரலை இவர்கள் எடுத்தாள முடிந்தமைக்குக் காரணம், அது ‘குனூ பொதுமக்கள் உரிமம்’ என்னும் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தமையேயாகும். அவ்வுரிமத்தின்படி எவரும் நிரலை இயக்கலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றியதைப் பகிர்பவர் அதே உரிமைகளைப் பிறருக்கும் வழங்கக் கடமைப்பட்டவர். தனியுடைமையின் சட்டக் கருவியான பதிப்புரிமையையே பொதுவுடைமையின் காவலாக மாற்றியமை இவ்வுரிமத்தின் சிறப்பாகும்.

இதன் பெறுமதி அடுத்த ஆண்டிலேயே புலப்பட்டது. அக்காலத்தில் வலைப்பதிவு மென்பொருள்களுள் முன்னணியில் நின்றது ‘மூவபிள் ரைப்’. அதன் உரிமையாளர்கள் 2004ஆம் ஆண்டில் உரிம விதிகளை மாற்றிக் கட்டணங்களை விதித்தபோது, அதிருப்தியுற்ற பாவனையாளர் பலர் வேர்ட்பிரஸை நாடினர். நகரும் அச்செழுத்தின் பெயரைச் சூடிய ஒரு கருவி, அச்சகத்தின் உடைமையாளர் எவர் என்ற வினாவினாலேயே தன் இடத்தை இழந்தது எனலாம்.

இவ்வினா எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தன் அச்சகத்தின் துணையோடு 1841இல் ‘உதயதாரகை’யை வெளியிடத் தொடங்கியது. மிஷனரிமாரின் பிரசுரங்களை எதிர்கொள்ள முனைந்த ஆறுமுக நாவலர், கண்டனங்களை எழுதுவதோடு அமையாது, சொந்தமாக ஓர் அச்சியந்திரத்தைத் தேடிப் பெற்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவருடைய சமூக நோக்கின் வர்க்க, சாதி வரம்புகளை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆயினும் எழுத்தின் உற்பத்திச் சாதனம் எதிராளியின் கையில் இருக்கும்வரை வாதத்தில் வெல்வது அரிது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பது மறுக்கமுடியாதது. வோல்ற்றர் பெஞ்சமின் 1934ஆம் ஆண்டில் எழுத்தாளனை உற்பத்தியாளனாக நோக்கிய தமது உரையில், ஒரு படைப்பு உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருதுகின்றது என்பதைக் காட்டிலும் அவ்வுறவுகளுக்குள் எங்கு நிற்கின்றது என்பதே முதன்மையான வினா என்று எடுத்துக்காட்டினார். இவ்வினாவையே வேர்ட்பிரஸை நோக்கியும் நாம் எழுப்புதல் வேண்டும்.

3

முதலில் அதன் வலிமைகளை நோக்குவோம்.

பொருளாதார அடிப்படையில் நோக்குமிடத்து, வேர்ட்பிரஸ் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையே நின்ற செலவுகளைப் பெரிதும் குறைத்துள்ளது. மென்பொருளுக்கு விலையில்லை. அது இயங்குவதற்கு வேண்டிய ‘பிஎச்பி’ மொழியும் ‘மைஎஸ்கியூஎல்’ தரவுத்தளமும் மிகக் குறைந்த கட்டணத்தில் இடம் வழங்கும் சேவையகங்களிலும் கிடைப்பவை. ஐந்து நிமிடங்களில் நிறுவலாம் என்பது அதன் பழைய பெருமிதம். சற்றுக் கணினிப் பழக்கமுள்ள மாணவரொருவர் அரை மணி நேரத்திலேனும் அதனைச் செய்து முடிப்பார் என்பது உண்மை. நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர் ஒருவர் கட்டுரையொன்றைத் தட்டெழுதி, படம் சேர்த்து, வெளியிடவும் திருத்தவும் இயலும். கணினித் துறை நண்பரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதுபவன் வேறு, வெளியிடும் தொழினுட்பம் அறிந்தவன் வேறு என்ற வேலைப்பிரிவினையை இவ்வளவு தளர்த்திய கருவிகள் சிலவே.

ஆசிரியர் குழுவின் உறவுகளையும் அது ஓரளவு உணர்ந்து அமைக்கப்பட்டுள்ளது. நிருவாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து நிலைகள் அதில் உள்ளன. பங்களிப்பாளர் தமது ஆக்கத்தை எழுதிப் பரிசீலனைக்கு அனுப்பலாம். தாமே வெளியிட முடியாது. படங்களை ஏற்றவும் முடியாது. பதிப்பாசிரியர் எல்லோருடைய ஆக்கங்களையும் திருத்தி வெளியிடலாம். 2008ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு திருத்தத்தின் முன்னைய வடிவமும் பேணப்படுகின்றது. யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதை ஒப்புநோக்கிக் காணலாம். பாடபேத ஆராய்ச்சியிற் பயின்றவர்களுக்கு இவ்வசதியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தமிழைப் பொறுத்தவரை இன்னொன்று குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டை வகுத்துக்கொண்ட காலத்தில், ஒரு தளத்தின் தமிழ் இன்னொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதை நாம் மறந்துவிடவில்லை. வேர்ட்பிரஸ் ஒருங்குறியை ஏற்று வளர்ந்தமையால் அக்கேடு நீங்கியது. அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் தமிழிலேயே இயக்கலாம். இந்தியத் தமிழுக்கென ஒன்றும் இலங்கைத் தமிழுக்கென ஒன்றுமாக இரண்டு மொழிபெயர்ப்புத் திட்டங்கள் அதில் உள்ளன. ‘முகாமைத்துவம்’ என்றும் ‘மேலாண்மை’ என்றும் இரு கரைகளிலும் வேறுபட்டு வழங்கும் கலைச்சொற்களுக்கு ஒரு மென்பொருள் இடமளிப்பது சிறிய செய்தியன்று. இம்மொழிபெயர்ப்புகள் தன்னார்வலரின் உழைப்பினால் ஆனவை என்பதையும் மனங்கொள்ளல் தகும். இவ்வுழைப்பைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியுள்ளது.

4

இனி உருவம் பற்றிய பிரச்சினைக்கு வருவோம். உள்ளடக்கத்தைத் தோற்றத்திலிருந்து முற்றாகப் பிரித்துவிடலாம் என்பதே இத்தகைய முறைமைகளின் தத்துவ அடிப்படை. எழுத்து ஒரு பாத்திரத்திலும் தோற்றம் இன்னொரு பாத்திரத்திலும் இருக்கும்; வேண்டும்போது தோற்றத்தை மாற்றலாம், எழுத்துக்கு ஊறு நேராது என்பர். நடைமுறையில் இதனால் நன்மையுண்டு. ஆயின் ‘உள்ளடக்கம்’ எத்தகைய உருவமும் அற்றதாய், எந்தப் பாத்திரத்திலும் ஊற்றக்கூடியதாய் இருப்பதாகக் கருதுவது, நாம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விமர்சித்துக் கடந்த இயந்திரப் பாங்கான நோக்கேயாகும். கவிதையும் கட்டுரையும் செய்தியும் விளம்பரமும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது, அவற்றைச் சமப்படுத்தும் பொது அளவுகோல் ஒன்று மறைமுகமாகச் செயற்படுகின்றது. சந்தையிற் பண்டங்கள் தம் தனித்தன்மையை இழந்து பரிமாற்றப் பெறுமதியாகத் தோன்றுவதை இது ஒத்தது.

மேலும், வேர்ட்பிரஸ் தானே ஓர் உருவத்தைத் தன் உள்ளே கொண்டுள்ளது. அது வலைப்பதிவுக்கென உருவான கருவி. அதன் அடிப்படை அலகு ‘பதிவு’. பதிவின் முதன்மையான பண்பு திகதி. வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, முகப்புப் பக்கம் பிந்திய பத்துப் பதிவுகளைப் புதியது மேலாகவும் பழையது கீழாகவும் அடுக்கித் தருகின்றது. நேற்றையது இன்றையதனாற் கீழே தள்ளப்படுகின்றது. பத்துப் பதிவுகளுக்கு முற்பட்டது அடுத்த பக்கத்திற்குச் செல்கின்றது. நாட்குறிப்புக்கும் செய்திக்கும் இவ்வொழுங்கு பொருத்தமானது. ஆய்வுச் சஞ்சிகைக்கு அவ்வாறன்று. சஞ்சிகையின் ஓர் இதழ் என்பது பதிப்பாசிரியரின் ஒரு வாதம். எக்கட்டுரை முதலில் நிற்பது, எதன் அருகில் எது வருவது என்ற தெரிவுகளிலேயே அவ்வாதம் உறைகின்றது. வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்பில் ‘இதழ்’ என்ற அலகு இல்லை. வகைப்பாடுகளைக் கொண்டோ, 2010ஆம் ஆண்டின் 3.0 பதிப்பு முதல் எளிதான தனிப்பதிவு வகைகளைக் கொண்டோ அதனை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மீண்டும் கணினித் துறை நண்பரே தேவைப்படுகின்றார். முன்வாசலால் வெளியேறிய வேலைப்பிரிவினை பின்வாசலால் உள்ளே வருகின்றது.

இதனினும் தெளிவான சான்று அடிக்குறிப்புப் பற்றியது. சான்றாதாரம் காட்டாது ஆய்வெழுத்து இல்லை. ஆயினும் வேர்ட்பிரஸின் மைய நிரலில் அடிக்குறிப்புக்கான வசதி 2023 ஓகஸ்டில் வெளிவந்த 6.3 பதிப்பிலேயே முதன்முதலாக இடம்பெற்றது. இருபது ஆண்டுகளாக உலகின் மிகப் பெரும் வெளியீட்டுக் கருவி அடிக்குறிப்பின்றி இயங்கியது. அவ்வளவு காலமும் அதனை வேண்டியோர் பிறர் எழுதிய செருகுநிரல்களை நம்பியிருந்தனர். இதனை மறதி என்று கொள்வதிலும், அக்கருவி எவ்வகை எழுத்தை எழுத்தாகக் கருதியது என்பதன் வெளிப்பாடு என்று கொள்வதே பொருந்தும்.

2018 டிசெம்பரில் வெளியான 5.0 பதிப்பு, ‘குட்டன்பேர்க்’ என்ற புதிய தொகுப்பியைக் கொணர்ந்தது. அதில் ஒவ்வொரு பந்தியும் ஒவ்வொரு படமும் தனித்தனி ‘கட்டம்’. கட்டங்களை நகர்த்தலாம், நிறமூட்டலாம், நிரல்களாகப் பிரிக்கலாம். பக்கத்தை வடிவமைப்போருக்கு இது உவப்பானதாயிற்று. நீண்ட வாதமொன்றைத் தொடர்ச்சியாக எழுதுவோரோ பந்திதோறும் தடங்கலை உணர்ந்தனர். பழைய தொகுப்பியை மீட்டுத் தரும் செருகுநிரல் பெருந்தொகையானோராற் பயன்படுத்தப்பட்டது. புதியதை ஏற்க விரும்பாத ஒரு சாரார் மூலநிரலைப் பிரித்தெடுத்து ‘கிளாசிக்பிரஸ்’ என்ற தனிக் கிளையைத் தொடங்கினர். இங்கு முரண்பாடொன்று அவதானிக்கத்தக்கது. கட்டங்களின் தோற்ற விபரங்கள் எழுத்தினுள்ளேயே குறிகளாகப் பொதிந்து தரவுத்தளத்திற் சேமிக்கப்படுகின்றன. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிப்பதே தன் கொள்கையெனக் கூறிய கருவி, வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் தானே அக்கொள்கையைக் கைவிட நேர்ந்தது. இதனைத் தொழினுட்பத் தவறாக நான் கொள்ளவில்லை. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் நிரந்தரமாகப் பிரிக்க இயலாது என்ற உண்மையை நடைமுறையே நிறுவியுள்ளது என்றே கொள்கின்றேன்.

5

தமிழெழுத்து இக்கருவியினுள் எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பது தனித்து ஆராயத்தக்கது. மேலோட்டமாக எல்லாம் செம்மையாகவே தோன்றும். குறைகள் அடித்தளத்திலேயே உள்ளன.

பதிவொன்றின் தலைப்பிலிருந்து அதன் இணைய முகவரியை வேர்ட்பிரஸ் தானே ஆக்கிக்கொள்கின்றது. அம்முகவரிப் பகுதிக்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கப்பட்ட இடம் 200 குறிகள். ஆங்கிலத் தலைப்பில் ஓர் எழுத்து ஒரு குறி; எனவே 200 எழுத்துகள் தாராளமாக அமையும். தமிழிலோ ஒவ்வொரு ஒருங்குறிக் குறியீடும் மூன்று பைற்றுகளாகி, முகவரியில் எழுதப்படும்போது ஒன்பது குறிகளாக விரிகின்றது. மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ஆகவே 22 குறியீடுகளுக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு முகவரியில் வெட்டப்படுகின்றது. ‘ஈழத்துத் தமிழ் நாவலும் சமூகமும்’ என்று ஒருவர் கட்டுரைக்குத் தலைப்பிடுவாராயின், அதன் முகவரி ‘ஈழத்துத்-தமிழ்-நாவலும்-ச’ என்று முடிந்துவிடும். நாவல் எஞ்சுகின்றது, சமூகம் மறைகின்றது! முற்போக்கு விமர்சகருக்கு இதனிற் பொருத்தமான எள்ளல் வேறு வேண்டியதில்லை. இதனைத் தவிர்க்க விரும்புவோர் முகவரியை உரோம எழுத்துகளிற் சுருக்கி எழுதுகின்றனர். அவ்வாறாக, தமிழ்க் கட்டுரையின் நிலையான அடையாளம் தமிழல்லாத எழுத்தில் அமைகின்றது.

தேடலும் இவ்வாறே. மைய நிரலில் உள்ள தேடல், கேட்ட எழுத்துத் தொடர் பதிவினுள் அப்படியே வருகின்றதா என்று மட்டும் பார்க்கின்றது. ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தை’, ‘மரங்கள்’ என்பன அகப்படா. ‘வர்க்கம்’ என்று தேடினால் ‘வர்க்கத்தின்’ என்ற சொல் மட்டும் வரும் கட்டுரை தவறிவிடும். வேற்றுமையுருபும் சாரியையும் ஏற்றுச் சொல் திரிவது தமிழின் இயல்பு. அவ்வியல்பை அறியாத தேடல், காப்பகத்தின் பெரும்பகுதியை இருளில் வைக்கின்றது.

இலங்கைச் சூழலில் மூன்றாவது குறைபாடே மிக முக்கியமானதெனலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரே ஆக்கத்தைத் தொடர்புபடுத்தி வெளியிடும் வசதி வேர்ட்பிரஸின் மைய நிரலில் இல்லை. ‘குட்டன்பேர்க்’ திட்டத்தின் நான்காவதும் இறுதியுமான கட்டமாகவே பன்மொழி வசதி வகுக்கப்பட்டது. அதுவரை செருகுநிரல்களே வழி. அவற்றுட் சில விலைக்குரியவை. ஒப்பிட்டு நோக்குமிடத்து, ‘துருபல்’ என்ற மற்றொரு திறந்த மூல முறைமை 2015இல் வெளிவந்த தன் 8ஆம் பதிப்பிலேயே பன்மொழி வசதியை மையத்திற் கொண்டிருந்தது. அதனைக் கற்பதும் பேணுவதும் கடினம் என்பதும் உண்மையே. ஆயினும் ஒருமொழித் தளம் இயல்பானது, பன்மொழித் தளம் மேலதிகமானது என்ற முற்கோள் எந்தச் சமூகத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். இன்னொரு மொழி பேசும் உழைப்பாளரோடும் அறிஞரோடும் உரையாட விழையும் சஞ்சிகைக்குப் பன்மொழி அலங்காரமன்று. அதன் அரசியலின் பகுதி.

6

இதுவரை கூறிய குறைகள் திருத்தத்தக்கவை. மூலநிரல் எல்லோர்க்கும் உரியதாதலால் எவரும் திருத்தலாம் என்பதே அதன் ஆதரவாளர் தரும் விடை. அவ்விடையின் உண்மையையும் எல்லையையும் 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் காட்டின.

மலன்வெக் 2005இல் ‘ஓட்டோமற்றிக்’ என்ற வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். 2010இல் வேர்ட்பிரஸ் என்ற வணிகக்குறி இலாப நோக்கற்ற மன்றமொன்றுக்கு மாற்றப்பட்டது; ஆயின் அக்குறியை வணிகத்திற் பயன்படுத்தும் தனியுரிமை ஓட்டோமற்றிக்குக்கே வழங்கப்பட்டது. உலகெங்குமுள்ள தளங்கள் புதிய பதிப்புகளையும் செருகுநிரல்களையும் பெறும் மையத் தளம் அம்மன்றத்துக்கோ பங்களிப்பாளர் சமூகத்துக்கோ உரியதன்று. மலன்வெக்கின் தனிப்பட்ட உடைமையாகும். இவ்வுண்மையைப் பலர் 2024இலேயே அறிந்துகொண்டனர்.

அவ்வாண்டு செப்டெம்பரில், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடம் வழங்கும் பெரு நிறுவனமான ‘டபிள்யூபி என்ஜின்’ பொதுத் திட்டத்தினாற் பெரும் பயனடைந்தும் அதற்குப் போதியளவு திருப்பித் தரவில்லை என்று மலன்வெக் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். வணிகக்குறிப் பாவனைக்காக அந்நிறுவனத்தின் வருவாயில் 8 சதவீதம் கோரப்பட்டது. செப்டெம்பர் 25இல் மையத் தளத்தை அணுகும் வழி அந்நிறுவனத்துக்கு அடைக்கப்பட்டது. அதனிடம் இடம் பெற்றிருந்த, இப்பிணக்கோடு தொடர்பே இல்லாத தளங்களும் புதுப்பிப்புகளைப் பெறமுடியாது போயின. ஒக்ரோபர் 2இல் டபிள்யூபி என்ஜின் கலிபோர்ணியாவில் வழக்குத் தொடுத்தது. அதே மாதம் 12இல், அந்நிறுவனம் பேணி வந்த பிரபலமான செருகுநிரலொன்றின் இடம் மையத் தளத்திற் கையகப்படுத்தப்பட்டு வேறு பெயர் சூட்டப்பட்டது. டிசெம்பர் 10இல் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்து, அணுகும் வழியையும் செருகுநிரலின் இடத்தையும் முன்னிருந்த நிலைக்கு மீட்கப் பணித்தது. இதனிடையே, தலைமையின் போக்கோடு உடன்படாதோர் இழப்பீடு பெற்று விலகலாம் என்ற அழைப்பை ஏற்று 159 ஊழியர்கள் ஓட்டோமற்றிக்கை விட்டு நீங்கினர்.

இப்பிணக்கில் ஒரு தரப்பை நீதியின் உருவமாகவும் மறு தரப்பை அநீதியின் உருவமாகவும் காண்பது எளிது, பயனற்றதும்கூட. டபிள்யூபி என்ஜினிற் பெருமுதலிட்டிருப்பது சில்வர் லேக் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம். பொதுநிரலிற் பெற்றதற்கு ஈடாக அது எவ்வளவு தந்தது என்ற வினா நியாயமானதே. மறுபுறம், அவ்வினாவை எழுப்பியவர் கையிலெடுத்த ஆயுதமும் பொதுவுடைமையின் ஆயுதமன்று; வணிகக்குறியும் மையத் தளத்தின் தனியுடைமையுமே. மெய்யான முரண்பாடு இவ்விரு முதல்களுக்கும் இடையில் மட்டும் உள்ளதன்று. ஆயிரக்கணக்கான தன்னார்வலர் நிரல் எழுதியும், பிழை கண்டறிந்தும், மொழிபெயர்த்தும், ஐயங்களுக்கு விடையளித்தும் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த உழைப்பு ஒருபுறம். அவ்வுழைப்பின் பயனை அறுவடை செய்யும் உரிமைக்காகப் போட்டியிடும் முதல்கள் மறுபுறம். வழக்கில் வாதியும் பிரதிவாதியும் உண்டு. உழைத்தவன் எத்தரப்பிலும் இல்லை.

இதிலிருந்து பெறப்படும் கோட்பாட்டு முடிவு ஒன்றுண்டு. பொதுமக்கள் உரிமம் நிரலைப் பொதுவுடைமையாக்கியது. நிரலின் விநியோகத்தை ஆக்கவில்லை. மென்பொருள் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் கலப்பையன்று. பாதுகாப்புக் குறைகள் இடையறாது வெளிப்படுவதாலும், அவற்றுட் பெரும்பாலானவை செருகுநிரல்கள் வழியே நேர்வதாலும், நாள்தோறும் புதுப்பிக்கப்படாத தளம் விரைவில் அழிவுக்குள்ளாகும். 2013ஆம் ஆண்டின் 3.7 பதிப்பு முதல் சிறு புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. இது நன்மையே. ஆயின் புதுப்பிப்பின் ஊற்று எவர் கையில் உள்ளதோ, அவர் கையிலேயே மெய்யான ஆட்சியும் உள்ளது. சட்டத்தில் உள்ள உடைமையும் நடைமுறையில் உள்ள கட்டுப்பாடும் வேறுவேறு என்பது மார்க்சிய மாணவர் நன்கறிந்த பாடம். ‘நிரலே கவிதை’ என்பது வேர்ட்பிரஸின் விருதுவாக்கு. கவிதையை எவரும் பாடலாம். அரங்கின் திறவுகோல் ஒருவரிடம் இருக்கும்போது அவ்வுரிமையின் பொருள் குறைந்துபோகின்றது.

7

அங்ஙனமாயின் வேர்ட்பிரஸை நிராகரிப்பதா? அவ்வாறு கூறுவது தொழினுட்பத்தையே குற்றவாளியாக்கும் பிற்போக்கான நிலைப்பாடாக அமையும். முதலாளித்துவச் சந்தையில் விற்கப்படும் வேறெந்த மூடிய முறைமையும் இவ்வளவு உரிமையைக்கூட எமக்குத் தரப்போவதில்லை. முகநூலில் மட்டும் எழுதிக் காப்பகமே இல்லாது போகும் எமது இன்றைய வழக்கத்தோடு ஒப்பிடின், வேர்ட்பிரஸ் பன்மடங்கு மேலானது. 2024ஆம் ஆண்டின் பிணக்குக்கூடப் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டமைக்கும், மாற்று வழிகள் உடனே ஆராயப்பட்டமைக்கும் நிரல் பொதுவாயிருந்தமையே காரணம்.

வேண்டுவது நோக்கத்துக்கேற்ற தெரிவு. சங்கத்தின் செய்திகள், சிறு கட்டுரைகள், நூல் மதிப்புரைகள் ஆகியவற்றுக்கு வேர்ட்பிரஸ் பொருத்தமானது. தொகுதி, இதழ், மதிப்பீட்டாளர் ஆகியவற்றைத் தன் அமைப்பிலேயே கொண்ட ஆய்வுச் சஞ்சிகைக்குக் கனடாவிலே பல்கலைக்கழகச் சூழலில் உருவான ‘திறந்த சஞ்சிகை முறைமை’ ஏற்றது. அதுவும் அதே பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியாவது. பழைய ஆவணங்களைக் கூட்டாகத் தொகுப்பதற்கு வேறொரு கருவி தகும். 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ மின்னூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் ‘மீடியாவிக்கி’யைத் தெரிந்துகொண்டமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திகதியால் அன்றி விடயத்தாலும் தொடர்பாலும் ஒழுங்குபடும் காப்பகத்துக்கு அத்தெரிவு இயைந்தது.

நான் அறிந்த மாணவர் ஏடொன்றின் கதை இங்கு நினைவுக்கு வருகின்றது. ஆர்வமிக்க மாணவர் ஒருவர் தம் பெயரிலேயே ஆள்களப் பெயரைப் பதிந்து, தம் பணத்தில் இடம் பெற்று, வேர்ட்பிரஸில் அதனை அழகுற அமைத்தார். நான்கு ஆண்டுகள் கட்டுரைகளும் கவிதைகளும் வெளிவந்தன. என்னுடைய கட்டுரைகள் இரண்டும் அவற்றுள் இருந்தன. அவர் பட்டம் பெற்று வெளியேறிய பின் கட்டணத்தைச் செலுத்துவார் இல்லை. ஏடு ஒருநாள் மறைந்தது. பிரதி எவரிடமும் இல்லை. அதில் முதன்முதலாக எழுதிய சிலரின் கவிதைகளை இன்று எவரும் படிக்க முடியாது. இதற்கு மென்பொருளைக் குறைகூறுதல் நேர்மையன்று. கூட்டு உழைப்பின் விளைவைத் தனியொருவரின் தோளில் ஏற்றிவிட்டு நாம் எல்லோரும் வாளாவிருந்தோம் என்பதே உண்மை.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எவ்வளவு நிலையற்றது என்பதை வேறெவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே ஆள்களப் பெயர் சங்கத்தின் பெயரிலும் கணக்கிலும் இருத்தல் வேண்டும். செருகுநிரல்கள் இன்றியமையாத சிலவாக மட்டும் இருத்தல் நன்று. தளத்தின் எழுத்து முழுவதையும் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி வேர்ட்பிரஸில் உண்டு. ஆயின் அக்கோப்பிற் படங்கள் அடங்குவதில்லையாதலால் அவற்றையும் தரவுத்தளத்தையும் தனியே பிரதி செய்து பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். ஒவ்வோர் இதழும் அச்சுக்கோப்பாக மின்னூலகத்தைச் சென்றடைதல் வேண்டும். ஆண்டுதோறும் மாறும் ஆசிரியர் குழுவில் இருவரேனும் இவற்றைச் செய்யப் பயிற்றப்படல் வேண்டும். முகவரி வெட்டு, தேடல் ஆகியவற்றைப் பொறுத்தவரை, எமது கணினித் துறையினரும் தமிழ்த் துறையினரும் இணைந்து திருத்தங்களை எழுதிப் பொதுத் திட்டத்துக்கு அனுப்புவதற்குத் தடையேதுமில்லை. அவ்வாறு அனுப்பும் உரிமையே இக்கருவி எமக்குத் தரும் மிகப் பெரிய வலிமை. அவ்வுரிமையை நாம் இதுவரை போதியளவு பயன்படுத்தாமை எமது குறைபாடு.

கருவி தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அது எவ்வுறவுகளுக்குள் இயங்குகின்றது என்பதே அதன் தன்மையை நிர்ணயிக்கின்றது. வேர்ட்பிரஸின் உரிமப் பத்திரத்தில் பொதுவுடைமை எழுதப்பட்டுள்ளது. அதன் நடைமுறையில் அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அந்த இடைவெளியை அறிந்து, எமது எழுத்தையும் அதன் பிரதிகளையும் எமது கூட்டுப் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அக்கருவியைப் பயன்படுத்துவதே இன்று நாம் செய்யத்தக்கது.